வாரான், வருகிறான்: ஒழுங்குக்கு அடங்காத ஒரு வினையின் வரலாறு

தமிழில் ‘வா’ என்னும் வினை ஒரே உருவில் நிலைத்து நிற்பதில்லை. ஏவலில் ‘வா’ என்று நெடிலாக நிற்கும். இறந்த காலத்தில் ‘வந்தான்’ என ‘வ’ ஆகக் குறுகும். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் ‘வருகிறான்’, ‘வருவான்’ என்று ‘வரு’ ஆகும். பழைய எதிர்மறையில் ‘வாரான்’, ‘வாராது’ என்று மீண்டும் நெடிலேறி ‘வார்’ ஆகும். இந்தத் தாவலில் அதற்கு ஒரே ஒரு இரட்டைப் பிறவி உண்டு. ‘தா’ என்பதும் தந்தான், தருகிறான், தாரான் என்று அதே தடத்தில் போகிறது. ‘சா’ என்பது செத்தான் என்றும் சாகிறான் என்றும் பிரிகிறது. ‘நோ’ நொந்தான் ஆகிறது, ‘வே’ வெந்தது ஆகிறது. ‘செல், வெல், கொல்’ மூன்றும் சென்றான், வென்றான், கொன்றான் என்று ஒழுங்காகப் போக, அதே ஓசையுள்ள ‘சொல்’ மட்டும் சொன்னான் என்று விலகி நடக்கிறது.

இப்படிப்பட்ட வினைகள் எண்ணிக்கையில் குறைவு, புழக்கத்திலோ மிகுதி. எந்த மொழியிலும் அன்றாடம் அதிகம் புழங்கும் வினைகளே பழைய கோணல்களை விடாமல் வைத்திருக்கின்றன. ஸ்பானிய மொழியில் ‘வருதல்’ என்னும் பொருள் தரும் ‘பெனிர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான் வருகிறேன் என்பதற்கு ‘பெங்கோ’, அவன் வருகிறான் என்பதற்கு ‘பியேனே’, நான் வந்தேன் என்பதற்கு ‘பீனே’, வருவேன் என்பதற்கு ‘பென்ட்ரே’. விருப்பத்தையும் ஐயத்தையும் குறிக்கும் வினைநிலையில் அது ‘பெங்கா’ ஆகவும், அதன் இறந்த காலத்தில் ‘பினியேரா’ ஆகவும் மாறும். ஏவலில் மட்டும் ‘பென்’ என்று ஓரசையில் நின்றுவிடும். கூப்பிடும்போது சொல் சுருங்குவது இரண்டு மொழிக்கும் பொது. இந்த ஒப்புமை வேடிக்கைக்காகச் சொல்லப்படுவதன்று. தமிழ் வினைகளைக் காலவாரியாக, வினைநிலைவாரியாக வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்ய முதலில் முயன்றவர்கள் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் அந்த முயற்சியில் இறங்கிய இடம் நெல்லைச் சீமையின் கடற்கரை. அதற்கு வெகு காலம் முன்பே இந்த வினைகளைப் பற்றித் தமிழ் இலக்கணிகள் எண்ணிப் பார்த்திருந்தார்கள். அவர்கள் எண்ணிய விதம் வேறு.

தொல்காப்பியம் வினைகளை அட்டவணை போடவில்லை. அது ‘செய்’ என்னும் வினையை வாய்பாடாக வைத்துக்கொண்டு, செய்து, செய்யூ, செய்பு, செய்தென என்று எச்சங்களின் அச்சுகளை மட்டும் கொடுத்தது. வந்து, நடந்து, உண்டு எல்லாமே ‘செய்து’ என்னும் வாய்பாட்டில் அடங்கும். ‘செய்’ போலக் கோணல் இல்லாத ஒரு வினையை அச்சாகத் தேர்ந்தது மிகுந்த நுட்பம். பிற வினைகள் அந்த அச்சிலிருந்து எப்படி விலகுகின்றன என்பதை அந்நூல் விரித்துச் சொல்லவில்லை. தாய்மொழியாகத் தமிழ் பேசுகிறவனுக்கு ‘வாந்தான்’ என்று வராது என்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை.

ஆனால் ‘வா’, ‘தா’ என்னும் இரண்டையும் பற்றித் தொல்காப்பியம் வேறொரு விதி சொல்கிறது. அதன் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளை எடுத்துக்கொண்டு, வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்றும் பகுக்கிறது. என்னிடமோ உன்னிடமோ நெருங்குவது வரவு. அவனிடம் போவது செலவு. எனக்கோ உனக்கோ அளிப்பது தரவு. அவனுக்கு அளிப்பது கொடை. வடிவத்தில் கோணலான இரண்டு வினைகளும் பொருளிலும் இடத்தைப் பார்த்தே நடக்கின்றன என்பதை அந்நூல் கண்டுகொண்டது. இன்றைக்கும் ஒருவர் அழைத்தால் தமிழர் “இந்தா வாரேன்” என்பார். அழைத்தவர் முன்னிலை, ஆகவே வரவு. இதே இடத்தில் ஸ்பானியர் ‘போகிறேன்’ என்று பொருள்படும் ‘போய்’ என்ற சொல்லைத்தான் சொல்வார். அவருடைய ‘பெனிர்’ பேசுகிறவனை நோக்கி வருவதற்கு மட்டுமே உரியது.

சங்க காலத்தில் இந்த வினைக்கு இன்று மறைந்துபோன சில உருவங்கள் இருந்தன. பலரை அழைக்கும் ஏவல் ‘வம்மின்’. அதன் இணை ‘தம்மின்’. ‘வாராய்’ என்பது இரு தலைக் கொள்ளியாக நின்றது. ‘நீ வரமாட்டாய்’ என்றும் பொருள் தரும், ‘வா’ என்ற அழைப்பும் ஆகும். ‘செய்யாய்’ என்னும் முன்னிலை வினை ‘செய்’ என்னும் ஏவலாகவும் வருமிடம் உண்டு என்று தொல்காப்பியமே எச்சவியலில் இதற்கு வழி சொல்லிவைத்தது. கேட்பவர் எந்தப் பொருளைக் கொள்வது என்பதை இடமும் குரலும் தீர்மானித்தன. பிற்காலத்தில் எதிர்மறைக்கு ‘வரமாட்டாய்’, ‘வரவில்லை’ என்று துணைவினைகள் வந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. விலையாக, ‘வாரேன், வாராய், வாரான்’ என்று காலமே காட்டாமல் எதிர்மறையை மட்டும் காட்டிய அந்த அழகான சிறு வரிசை எழுத்துநடையிலிருந்து மெல்ல உதிர்ந்தது.

நிகழ்காலத்தின் கதை இதற்கு நேர் எதிர். தொல்காப்பியம் காலம் மூன்று என்றது. ஆனால் ‘வருகின்றான்’ போன்ற தனி நிகழ்கால உருவம் சங்கச் செய்யுள்களில் மிக அரிது. பக்திப் பாடல்களுக்குப் பிறகே அது தாராளமாகப் புழங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலை எழுதியபோது ‘ஆநின்று, கின்று, கிறு’ மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக வரிசைப்படுத்தினார். இந்த இடைநிலைகள் சேர்ந்தபோது ‘வா’ தன் ‘வரு’ உருவையே அவற்றுக்குக் கொடுத்தது. புதிதாய் வந்த காலமும் பழைய உருவத்தில்தான் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

வினைப்பகுதிகளை முழுமையாக அடக்க முயன்ற முதல் தமிழ் நூல் நன்னூல்தான் என்று சொல்லலாம். அதற்கு முன்பே, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் சொல்லதிகாரத்தில் தாதுப் படலம், கிரியாபதப் படலம் என்று இரண்டு பகுதிகளை வைத்து, வடமொழி முறையில் வினையைத் தாதுவாகப் பிரிக்கப் பார்த்தது. அந்த வழி தமிழில் வேரூன்றவில்லை. பவணந்தி வேறு வழியில் போனார். ஏவல் ஒருமையையே பகுதியாகக் கொண்டு, தமிழ் வினைகள் எந்தெந்த எழுத்தில் முடியும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு வினையாக 23 மாதிரிகளைக் கொடுத்தார். முதலில் ‘நட’, இரண்டாவதாக ‘வா’. பின்னால் ‘நொ’வும் ‘போ’வும் வருகின்றன.

இந்தப் பட்டியலில் ஒரு விந்தை உண்டு. ஆகார ஈற்றுக்கு ‘வா’வை மாதிரியாக வைத்ததால், அடங்காத வினையே வாய்பாடாகிவிட்டது. ஆனால் பவணந்திக்கு அது இடைஞ்சலாகத் தோன்றியிருக்காது. அவருடைய வகுப்பு ஈற்றெழுத்தைப் பார்க்கிறதே தவிர, வினை இறந்த காலத்தில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்விக்கு நன்னூல் தரும் விடை பகுபத இலக்கணத்தில் இருக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளில் கடைசியானது கோணல்களுக்கென்றே வைக்கப்பட்ட அறை. ‘வந்தான்’ என்றால் ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம், ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை, ‘ஆன்’ ஆண்பால் விகுதி. பள்ளித் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக இதை எழுதாத தமிழ் மாணவர் இல்லை. இந்த முறையில் ஒழுங்கற்ற வினை என்று தனி வகை கிடையாது. எல்லா வினையும் ஒரே விதிக்கு உட்பட்டவை. சிலவற்றில் விகாரம் கூடுதல், அவ்வளவுதான்.

நன்னூலுக்குச் சில தலைமுறை கழித்து, தென்காசியில் இந்த வினை கல்லில் ஏறியது. பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைத் தீர்த்துக் காப்பவர்களை அவன் பணிவதாகக் கூறும் செய்யுள் தென்காசியில் பலரும் அறிந்தது. அச்செய்யுளின் ஒரே அடியில் ‘வாராதது’, ‘வந்தால்’, ‘வந்து’ என்று மூன்று உருவங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எதிர்மறைக்கு வார், நிபந்தனைக்கும் எச்சத்துக்கும் வந். ஓசை நயத்துக்காகப் புலவன் கையாண்டதுதான், எனினும் பதினைந்தாம் நூற்றாண்டுத் தென்பாண்டி நாட்டுச் செய்யுள் நடையில் ‘வாரா’ என்னும் எதிர்மறை உயிரோடு இருந்தமைக்கு அது நல்ல சான்று. இன்றைய எழுத்துநடை அதே இடத்தில் ‘வராத’ என்று குறிலாக்கிவிடும்.

நன்னூலைத் துருவிப் படித்த உரைமரபும் இந்தச் சீமையோடு இறுக்கமாகப் பிணைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு விருத்தியுரை எழுதினார். எழுதச் சொன்னவர் ஊற்றுமலைச் சிற்றரசர் மருதப்பத் தேவர். ஊற்றுமலை இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள் இருக்கிறது. உரையாசிரியரின் ஆசிரியர் சுவாமிநாத தேசிகர், ஈசான தேசிகர் என்றும் அறியப்பட்டவர், இலக்கணக் கொத்து எழுதியவர். அதே நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியில் சுப்பிரமணிய தீட்சிதர் பிரயோக விவேகம் எழுதி, வீரசோழியம் விட்ட வடமொழி வழியை மீண்டும் தொட்டார். அடுத்த நூற்றாண்டில் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் சங்கர நமச்சிவாயர் உரையைத் திருத்தி விரித்தார். அவர் 1785இல் மறைந்தார். தாமிரபரணிக் கரையின் இந்த வரிசையில் யாரும் ஒரு வினையை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் ஓட்டி எழுதிக் காட்டவில்லை. காட்ட வேண்டிய மாணவன் அவர்கள் முன் உட்காரவில்லை.

அப்படிப்பட்ட மாணவர்கள் வந்தது கடல் வழியே. நவார நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துகீசியம் அறிந்த சிலரை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்து சொல்லிவந்தார். விசுவாச மந்திரத்தின் தொடக்கத்தில் ‘நம்புகிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்று பொருள்படும் சொல் விழுந்திருந்தது. தவறு தெரிந்ததும், தம்முடன் ஊழியம் செய்த மான்சிலாசுக்கு அதைத் திருத்தும்படி கடிதம் எழுதினார். இந்தப் பிழைக்குப் பின்னால் வினையியல் இருக்கிறது. ‘வேண்டும்’ தமிழின் குறைவினைகளில் ஒன்று. நான், நீ, அவன் யாருக்காகவும் அது விகுதி மாற்றிக்கொள்வதில்லை. ‘எனக்கு, உனக்கு, அவனுக்கு’ என்று வேற்றுமை உருபுதான் ஆளைச் சொல்லும். ஆறு ஆளுக்கு ஆறு விகுதி என்று பழகிய காதுக்கு, தன்மை விகுதியே இல்லாத வினை ஒன்று தன் வாயில் இருக்கிறது என்பது எளிதில் புலப்படாது.

மனப்பாடத்தை விட்டு இலக்கணத்துக்கு வந்தவர் என்ரிக்கே என்ரிக்கசு, தமிழில் அண்டிரிக் அடிகளார். 1520இல் போர்த்துகலின் வில்லா விசோசாவில் பிறந்தவர். 1546இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்து, 1600இல் இறக்கும் வரை பெரும்பாலும் புன்னைக்காயலை ஒட்டியே வாழ்ந்தார். தம் சபைத் தலைவர் இக்னேசியஸ் லொயோலாவுக்கு எழுதிய கடிதத்தில், இலத்தீன் கற்பதுபோலவே வினைகளை ஓட்டிப் பார்த்து, இறந்த காலம், எதிர்காலம், பிற வினைநிலைகள் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க மிகவும் பாடுபட்டதாகச் சொன்னார். அந்த உழைப்பின் விளைவு ‘ஆர்த்தே த லிங்குவா மலபார்’ என்னும் கையெழுத்து நூல். இலத்தீன் இலக்கணமும், 1540இல் வெளிவந்த ஜுவாவ் த பார்ரோசின் போர்த்துகீசிய இலக்கணமும் அதற்கு அச்சு. நூல் லிஸ்பன் தேசிய நூலகத்தில் நெடுங்காலம் கிடந்தது. 1982இல் ஹான்ஸ் வெர்மீர் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வந்தன.

ஐரோப்பாவில் இவ்வகை இலக்கணமே அப்போது இளமையானது. பேச்சுமொழி ஒன்றுக்கு முழு இலக்கணம் எழுதலாம் என்று அந்தோனியோ த நெப்ரிகா 1492இல் காஸ்திலிய இலக்கணத்தின் மூலம் காட்டி அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. ஸ்பானிய வினைகள் ‘ஆர், ஏர், ஈர்’ என்னும் மூன்று ஈறுகளில் முடிகின்றன; ஒழுங்கான வினை ஒன்றை ஓட்டத் தெரிந்தால் அதன் கூட்டத்தையே ஓட்டலாம்; ‘பெனிர்’ போன்றவற்றைத் தனியே நெட்டுருச் செய்ய வேண்டும். அண்டிரிக் அடிகள் கொண்டுவந்தது இந்தப் பழக்கம்தான். பவணந்தியும் ஈற்றெழுத்தைத்தான் பார்த்தார் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஸ்பானிய ஈறு வினையின் நடத்தையைச் சொல்லிவிடுகிறது. தமிழ் ஈறு அப்படிச் சொல்வதில்லை. ‘விடு’ விட்டான் ஆகும், ‘எடு’ எடுத்தான் ஆகும். அதனால் தமிழுக்கு வந்த ஐரோப்பியர் ஒவ்வொருவரும் தமிழ் வினைகளை எத்தனை கூட்டமாகப் பிரிப்பது என்ற கேள்வியில் முட்டிக்கொண்டார்கள்.

வினைநிலைகளில் இன்னொரு சிக்கல். இலத்தீன் அட்டவணையில் கூற்று, ஏவல், விருப்பம், சார்பு, வினைப்பெயர் என்று ஐந்து நிலைகளுக்குக் கட்டங்கள் இருந்தன. ‘வருக’ என்னும் வியங்கோள் விருப்பக் கட்டத்தின் ஒரு மூலையை நிரப்பும். சார்பு நிலைக்குத் தமிழில் தனி விகுதிகள் இல்லை. ‘வந்தால்’, ‘வந்திருந்தால்’, ‘வரும்படி’, ‘வரலாம்’, ‘வரக்கடவேன்’ என்று எச்சங்களையும் தொடர்களையும் கொண்டுதான் அந்தக் கட்டங்களை அடைக்க முடியும். மறுபக்கத்தில் தமிழ் வினைக்கே உரிய பல உருவங்களுக்கு இலத்தீனில் கட்டமே இல்லை. ‘வந்த பையன்’ என்னும் பெயரெச்சம், ‘வந்தவன், வருபவன்’ என்னும் வினையாலணையும் பெயர், ‘வாரான்’ என்னும் எதிர்மறை முற்று ஆகியவற்றுக்கு வெளியே தனித் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. வேற்றூர் வண்டிச் சக்கரத்தை உள்ளூர் அச்சில் மாட்டுவதுபோன்ற வேலை. எதிர்மறை என்பது வினையின் ஒரு முழு வரிசையாகவே ஓடக்கூடியது என்பதை இந்தத் தனித் தாள்கள்தான் தெளிவாக்கின. பகுபத இலக்கணத்தில் அது ‘ஆ’ என்னும் இடைநிலை கெட்ட கதையாகச் சுருங்கி நிற்கிறது. அட்டவணை முறை தமிழுக்குச் செய்த மெய்யான உதவி இது என்று கருத இடமுண்டு.

அண்டிரிக் அடிகளுக்குப் பின் இந்த மரபு வளர்ந்த ஊர்கள் பல. சீகன்பால்கின் தமிழிலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டு 1716இல் ஜெர்மனியின் ஹால்லே நகரில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. நெல்லைக்கு மீண்டும் இதைக் கொண்டுவந்தவர் ரேனியஸ். 1820இல் திருநெல்வேலிக்கு வந்து, பாளையங்கோட்டையில் பணிசெய்து, 1838இல் அங்கேயே மறைந்த அவர் 1834இல் ஒரு தமிழிலக்கணம் வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் கார்ல் கிரவுல் 1855இல் வெளியிட்ட தமிழிலக்கணச் சுருக்கம் வினைகளை அவற்றின் காலம் காட்டும் நடத்தையை வைத்து வகுப்புகளாக்கியது. எதிர்காலத்தில் ‘வ்’ ஏற்பவை மெல்வினை, ‘ப்ப்’ ஏற்பவை வல்வினை என்னும் பகுப்பு பின்னாளில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். ஈற்றெழுத்தை விட்டு நடத்தையைப் பிடித்ததும் நூற்றுக்கணக்கான வினைகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. வா, தா, சா போன்ற ஒரு கைப்பிடி மட்டும் வெளியே நின்றது.

அந்தக் கைப்பிடிக்கு விளக்கம் தேட வேண்டுமானால் தமிழை விட்டு வெளியே போக வேண்டும். அந்தக் கதவைத் திறந்தவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். அவருடைய திராவிட ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. கன்னடத்தில் ஏவல் ‘பா’, இறந்த காலம் ‘பந்தனு’, நிகழ்காலம் ‘பருத்தானெ’. தெலுங்கில் ஏவல் ‘ரா’, எதிர்மறை ‘ராடு’, இறந்த காலமோ ‘வச்சாடு’. பலுச்சிஸ்தானத்துப் பிராகுயி மொழியிலும் வருதலைக் குறிக்கும் வினை ‘பர்’ என்றும் ‘பா’ என்றும் மாறுகிறது. ஆயிரம் மைலுக்கு மேல் விலகிய மொழிகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கோணுகின்றன என்றால், கோணல் அவற்றின் பொது முன்னோரிடமே இருந்திருக்க வேண்டும். பவணந்தி விகாரம் என்று பெயரிட்டது தமிழுக்குள் நடந்த மாற்றமாக இராமல், தமிழ் தனி மொழியாகப் பிரிவதற்கு முன்பே இருந்த நிலையின் எச்சமாக இருக்கிறது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இந்த வேர்களின் இறுதியில் மறைந்துபோன ஒரு மூச்சொலி இருந்ததாகக் கொண்டு, நெடிலும் குறிலும் மாறி வருவதற்குக் காரணம் காட்டினார்.

நீலகிரியில் 1930களில் தோடா, கோத்தா மொழிகளைக் கேட்டுப் பதிவுசெய்த எமனோ 1945இல் ‘லாங்குவேஜ்’ இதழில் திராவிட மொழிகளின் ‘வா’, ‘தா’ என்னும் இரண்டு வினைகளுக்காகவே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தனக்கும் முன்னிற்பவருக்கும் அளிப்பதற்கு ஒரு வினையும் மற்றவருக்கு அளிப்பதற்கு வேறொரு வினையும் அம்மொழிகளில் இன்றும் உண்டு. தொல்காப்பியம் வரவு, தரவு பற்றிச் சொன்னது ஏட்டு விதியாக இல்லாமல் மலைகளில் நடமாடும் பழக்கமாக இருந்தது அதனால் உறுதியாயிற்று. நீலகிரி வரைகூடப் போக வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவைத் தாண்டினால், மலையாளத்தில் எனக்கும் உனக்கும் ‘தரிக’, அவனுக்குக் ‘கொடுக்குக’ என்னும் பாகுபாடு அன்றாடப் பேச்சில் நிற்கிறது. தமிழ்ப் பேச்சில் அது பெரிதும் கலைந்துவிட்டது.

அகராதிகளின் வழியாக இந்தக் கதையை இன்னொரு முறை பின்தொடரலாம். பழைய நிகண்டுகளுக்கு வினை ஓட்டம் தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ராட்லர் அகராதியும், 1862இல் வந்த வின்சுலோ அகராதியும் வினைக்கு எதிரே நிகழ்காலம், இறந்த காலம், எதிர்காலம், ‘செய’ எச்சம் ஆகியவற்றின் துணுக்குகளைச் சுருக்கமாகக் கொடுத்தன. இலத்தீன் அகராதிகளின் பழக்கம் அது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. நெல்லைச் சீமைக்காரரான ச. வையாபுரிப் பிள்ளை 1926 முதல் அதன் பதிப்பாசிரியர். அது வினைகளை 13 வகையாக்கி, ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஓர் எண்ணைப் போட்டது. ‘தல்’, ‘த்தல்’ என்னும் தொழிற்பெயர் ஈறு தமிழ் மரபு, எண் ஐரோப்பிய மரபு. ஒரே பதிவில் இரண்டும் அடுத்தடுத்து. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னும் சிக்கனம் பிடித்து, ‘வா’ என்றதும் ‘வர, வந்து’ என்னும் இரண்டை மட்டும் கொடுத்தது. அந்த இரண்டு எச்சங்களும் தெரிந்தால் பெரும்பாலான உருவங்களை வாசகர் தாமே கட்டிக்கொள்வார்.

இவற்றில் எதிலும் அதிகம் இடம்பெறாதது பேச்சு. நெல்லைப் பேச்சில் ஒழுங்கான வினைகளின் நிகழ்காலம் ‘சொல்லுதான்’, ‘செய்யுதான்’ என்று ‘த’கரம் ஏற்கும். ‘வா’வோ பெரும்பாலும் அதற்குள் வராமல் ‘வாரேன்’, ‘வாரான்’, மரியாதைக்கு ‘வாராவ’ என்று நெடிலேறி நிற்கும். அஃறிணைக்கு மட்டும் ‘மழை வருது’ என்று ‘வரு’. ஏவலில் இளையவனுக்கு “வாலே”, ஒத்த வயதுக்காரருக்கு “வாரும்வே”, பெரியவருக்கு “வாங்கோ”. இதில் பழைய இலக்கணம் படித்தவரைத் திடுக்கிட வைப்பது ‘வாரான்’. செய்யுளில் அதற்கு ‘வரமாட்டான்’ என்று பொருள். தென்காசிச் சந்தையில் “அண்ணாச்சி வாராவ” என்றால் அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். வருகிறான் என்பது தேய்ந்து நெடிலேறி, பழைய எதிர்மறை காலிசெய்துவிட்டுப் போன அதே உருவத்தில் குடியேறிவிட்டது. எதிர்மறைக்கு அவர்கள் ‘வரமாட்டான்’, ‘வரல’ என்று போய்விட்டதால் இரண்டுக்கும் மோதல் இல்லை. விடைபெறும்போதும் ‘போறேன்’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்வது வழக்கமில்லை. “போயிட்டு வாரேன்” என்றுதான் சொல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. ஆகவே தென்காசிக்காரர் காதில் மலையாள ‘வந்நு’ புதிதல்ல. நான், நீ, அவன், அவள், அது, அவர்கள் அனைவருக்கும் அந்த ஒரு ‘வந்நு’ போதும். மலையாளம் ஆள் காட்டும் விகுதிகளை நூற்றாண்டுகளுக்கு முன்பே கழற்றிவிட்டது. கழற்றியபோதும் பகுதியின் கோணலை அது தொடவில்லை. வா, வந்நு, வரும் என்று அங்கும் மூன்று உருவங்களே.